அவசரம் சத்தம் போடும், முக்கியம் காத்திருக்கும்



கணினி படித்து வேலைக்குப் போயிருக்கும் பழைய மாணவர்கள் சிலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சேர், அன்றாட வேலைகளைப் பட்டியல் போட்டு, எதை முதலில் செய்யவேண்டும் என்று காட்டுகிற ஒரு அப்பை நாங்களே தமிழில் செய்து வெளியிட்டால் நம்மட ஆக்கள் பாவிப்பாங்களா?"

அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதிலை இங்கே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இது அப் செய்பவர்களுக்கு மட்டும் உரிய கதை இல்லை. நமது ஊரில் எந்த வேலை முதலில் நடக்கிறது, எந்த வேலை வருடக்கணக்கில் கிடக்கிறது என்ற கதையும் இதற்குள் இருக்கிறது. நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், இப்படி ஒன்று எங்கிருந்து வரலாம் என்பதைப் பார்ப்போம். பெரிய நகரத்துப் பெரிய கம்பனிதான் செய்யவேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உலகத்தில் கோடிக்கணக்கான பேர் பாவிக்கும் டுடூயிஸ்ட் என்ற செயலியைச் செய்தவர் அமிர் சாலிஹெஃபென்டிச். பொஸ்னியாவில் பிறந்தவர். 1990களில் அங்கே யுத்தம் வந்தபோது குடும்பத்தோடு அகதியாக டென்மார்க்குக்குப் போனவர். 2007இல் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது, தன்னுடைய படிப்பையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்தத் தனக்காகவே எழுதிய சிறிய நிரல் அது. பிறகுதான் அது ஒரு நிறுவனமாக வளர்ந்தது. இன்றும் அங்கே வேலை செய்பவர்கள் பல நாடுகளில் தங்கள் வீடுகளில் இருந்தபடியே செய்கிறார்கள்.

அகதிப் பிள்ளை என்றால் என்னவென்று எருக்கலம்பிட்டிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னும் கிட்டப் பார்க்கவேண்டும் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம்தான் இன்று ஸோஹோ என்ற பெயரில் இருக்கிறது. 2011இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் திறந்தார்கள். பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்குச் சேர்க்கும் ஏற்பாட்டை 2005இலேயே தொடங்கியிருந்தார்கள். அவர்களிடமும் வேலைப்பட்டியல் செயலி இருக்கிறது, பெரிய திட்டங்களைப் பிரித்து நடத்தும் மென்பொருளும் இருக்கிறது. வயலும் மலையும் உள்ள ஒரு கிராமத்தில் இருந்து உலகத்துக்கு மென்பொருள் போகலாம் என்றால், உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இருந்தும் போகலாம்.

ஆகவே "முடியுமா?" என்ற கேள்விக்கு என் பதில், முடியும். "ஆக்கள் பாவிப்பாங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

இந்தச் செயலிகள் செய்வது என்ன? செய்யவேண்டியதை எழுதிவைக்கலாம், திகதி போடலாம், முக்கியத்துவ அடையாளம் போடலாம், நேரம் வந்தால் ஞாபகமூட்டும். அவ்வளவுதான். ஒரு கொப்பியும் பேனையும் இதில் பாதியைச் செய்யும். ஆனால் எழுதிவைப்பதில் உண்மையான பயன் இருக்கிறது. முடிக்காத வேலை மனதுக்குள் இருந்து அரித்துக்கொண்டே இருக்கும். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். முடியாத காரியம் ஒன்றை மனதில் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒன்றை வாசிக்கும்போதும் கவனம் சிதறுகிறது. ஆனால் அந்தக் காரியத்தை எப்போது, எப்படிச் செய்வேன் என்று தெளிவாகத் திட்டம் போட்டவுடனே, வேலையைத் தொடாமலே, அந்தச் சிதறல் அடங்கிவிடுகிறது. தொழுகையில் நிற்கும்போது கடைக்கணக்கு ஞாபகம் வருகிறவர்களுக்கு இது புரியும்.

சரி, எழுதிவிட்டோம். எதை முதலில் செய்வது? இங்கேதான் சிக்கல்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் 1954இல் ஒரு உரையில், அவசரமான பிரச்சினை, முக்கியமான பிரச்சினை என்று இரண்டு வகையைப் பிரித்துப் பேசினார். அதுவும் தன் சொந்தக் கருத்தில்லை, ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னது என்றுதான் சொன்னார். பிறகு ஸ்டீபன் கோவி 1989இல் எழுதிய புத்தகத்தின் மூலம் அது நான்கு கட்டமாக உலகம் முழுக்கப் பரவியது. அவசரமும் முக்கியமும் சேர்ந்தது, முக்கியம் ஆனால் அவசரமில்லாதது, அவசரம் ஆனால் முக்கியமில்லாதது, இரண்டும் இல்லாதது. இன்று வருகிற செயலிகளில் பல இந்த நான்கு கட்டத்தைத்தான் வேறு வேறு நிறத்தில் காட்டுகின்றன.

இந்த நான்கில் தோற்றுப்போவது எப்போதும் இரண்டாவது கட்டம்தான். முக்கியமானது, ஆனால் இன்றைக்கே செய்யாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. 2018இல் வெளியான ஒரு ஆய்வில் ஆட்களுக்கு இரண்டு வேலைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். ஒன்றுக்குக் கூலி கூட, அவகாசமும் நீளம். மற்றதற்குக் கூலி குறைவு, ஆனால் நேரம் முடியப்போகிறது என்ற தோற்றம். இரண்டுக்கும் தேவைப்பட்ட உழைப்பு ஒன்றுதான். கொடுத்த நேரத்துக்குள் எதையும் வசதியாக முடித்திருக்கலாம். அப்படியிருந்தும் பலர் கூலி குறைந்த வேலையை எடுத்தார்கள். 'நேரம் முடிகிறது' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. தெரிவுசெய்யும் நேரத்தில் எதற்கு எவ்வளவு கூலி என்பதைக் கண்முன் காட்டியபோது அந்தத் தடுமாற்றம் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இதைப் பிறகு தேவைப்படும், ஞாபகம் வையுங்கள்.

போன் இருக்கிறதே, அது அவசரத்தை மட்டுமே பேசும் சாமான். வட்ஸ்அப் குழுவில் வந்த குரல்பதிவு, யாரோ போட்ட படம், கடைக்காரரின் கழிவு அறிவித்தல், எல்லாம் ஒரே 'டிங்' சத்தத்தோடுதான் வருகின்றன. ஆனால் உங்கள் காணி உறுதி ஒருநாளும் 'டிங்' என்று சத்தம் போடாது. உங்கள் இரத்தத்தில் ஏறும் சீனி சத்தம் போடாது. பின்வாங்கில் இருக்கும் மகனுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிவது சத்தம் போடாது. வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டது தேர்தல் நாள் வரைக்கும் சத்தம் போடாது.

நமது ஊருக்கு இது வெறும் சுயமுன்னேற்றப் பேச்சு இல்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க நமது உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். கொண்டுபோக விட்டதும் சொற்பம். வள்ளத்தில் கல்பிட்டிக்குப் போய் இறங்கியவர்களில் சிலரிடம் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. பலரிடம் இல்லை. கையில் பிள்ளை இருந்தது, அதுவே போதும் என்று வந்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் வாய் வராது. அந்த நேரத்தில் எதுவுமே அவர்கள் விருப்பத்தில் இல்லை. ஆனால் பத்திரம் இல்லாமல் போன குடும்பங்கள் பிறகு ஒவ்வொரு அலுவலகப் படியிலும் என்ன பட்டார்கள் என்பது புத்தளத்திலும் நாகவில்லுவிலும் வளர்ந்த தலைமுறைக்குத் தெரியும்.

இப்போது நமக்கு நேரம் இருக்கிறது. யாரும் துப்பாக்கியோடு நிற்கவில்லை. அப்படியும் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாத வீடுகள் எத்தனை? மூத்தப்பா மௌத்தாகி இருபது வருடம் போயும் பங்கு பிரிக்காத காணிகள் எத்தனை?

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவர் காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை கோரலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். யுத்தத்தால் காணிப்பக்கம் போகவே முடியாமல் இருந்தவர்களுக்கு இது அநியாயம் என்பதால், 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். இப்படியொரு கதவு திறந்தது எத்தனை பேருக்குத் தெரிந்தது? அந்த இரண்டு வருடத்தில் எத்தனை கலியாண வீட்டு அழைப்பிதழ் நம் போனில் வந்து விழுந்திருக்கும்! முக்கியமான காரியத்துக்கும் ஒரு கடைசித் திகதி உண்டு. அது நமக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஆகவே அப் செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அமெரிக்காவில் அலுவலகத்தில் இருப்பவனுக்கான பட்டியலை மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். நமது நாள் எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

நமது நாளை ஐந்து வக்துகள் ஏற்கனவே பிரித்து வைத்திருக்கின்றன. "அஸருக்குப் பிறகு வா", "மஃரிபுக்கு முன்னே முடிச்சிரு" என்றுதான் இங்கே பேச்சு. 'நான்கு மணி' என்று போட்டால் தவறவிடுகிறவர், 'அஸர் முடிந்ததும்' என்று போட்டால் செய்துவிடுவார். செயலி வக்தோடு வேலையைக் கட்டவேண்டும். தொழுகை நேரத்தில் தானாகவே வாய்மூடவும் வேண்டும்.

முஸ்லிம் பாடசாலைகளின் தவணை வேறு. நோன்புக்கு நமக்கு விடுமுறை, மற்றப் பாடசாலைகளுக்கு வேறு நாட்களில். நோன்பு மாதத்தில் இரவு பகலாகிவிடும். அந்த மாதம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். ஹிஜ்ரி மாதம் தெரியாத நாட்காட்டி நமக்குப் பாதி நாட்காட்டிதான்.

கடல்தொழிலுக்குப் போகிறவருக்கு நாளைய பட்டியலை எழுதுவது காற்று. வாடை பெயர்ந்தால் ஒரு பட்டியல், சோளகம் எழும்பினால் இன்னொரு பட்டியல். கடலுக்குப் போகமுடியாத நாள்தான் வலை பொத்தவும், இயந்திரம் பார்க்கவும், வங்கிக்குப் போகவும் வாய்ப்பான நாள். 'கடல் இல்லாத நாளில் செய்யவேண்டியவை' என்று ஒரு தனிப்பட்டியல் இருந்தால் அது அவருக்கு உதவும். திகதி போடச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது வீடு. வீட்டில் உம்மா செய்யும் வேலை எந்தப் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் அது முடிவதில்லை. முடிந்ததற்கு 'சரி' போட ஒரு கட்டமும் இல்லை. ஆனால் எல்லோருடைய பட்டியலும் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. சின்னவளுக்கு ஊசி போடும் திகதி, மாமிக்கு கிளினிக் நாள், கரண்ட் பில், மகனுக்குச் சப்பாத்து. இந்தச் சுமையை வீட்டில் உள்ள எல்லோருடைய போனுக்கும் பிரித்துக் கொடுக்கும் செயலி வந்தால், அதைப் பெரிய சேவை என்பேன். எழுத நேரமில்லாதவர் பேசினால் எழுதிக்கொள்ளவும் வேண்டும். அதுவும் நம் ஊர்த் தமிழில் பேசினால் விளங்கவேண்டும்.

மாணவர்கள் விடயத்தில் ஆசிரியனாகச் சொல்ல உரிமை இருக்கிறது. சாதாரண தரத்துக்கு 9 பாடம். பிள்ளைகள் போடும் நேரசூசியைப் பார்த்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் வண்ணம் அடித்து, சுபஹ் தொடங்கி இரவு பத்து மணி வரை இடைவெளியில்லாமல் நிரப்பியிருக்கும். மூன்றாம் நாள் அது சுவரில் மட்டும் இருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை. 1994இல் வெளியான ஒரு ஆய்வில் கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக ஏறக்குறைய 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் போனது. மனிதன் தன் வேலைக்கு நேரம் கணக்குப் போட்டால் குறைத்துத்தான் போடுவான். ஆகவே பிள்ளை 'ஒரு மணித்தியாலம்' என்றால் செயலி அதை ஒன்றரை என்று எடுக்கட்டும். ஒரு நாளைக்கு மூன்று முக்கிய வேலைக்கு மேல் போட விடவேண்டாம். நான்காவதைப் போடவேண்டும் என்றால் முதல் மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்லட்டும். எதை விடுவது என்று கேட்காத செயலி முன்னுரிமையைக் கற்றுக்கொடுக்காது, பட்டியலை நீட்டத்தான் கற்றுக்கொடுக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் பட்டியலை நீங்கள் நிரப்பாதீர்கள். டியூஷன், ஓதல், மீண்டும் டியூஷன் என்று நாள் முழுக்க உங்கள் கையெழுத்தாக இருந்தால், எது முக்கியம் என்று தீர்மானிக்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு எப்போது வரும்? ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தையாவது அவனிடமே கொடுத்துப் பாருங்கள்.

முன்பு ஞாபகம் வைக்கச் சொன்னதற்கு இப்போது வருகிறேன். ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் 'ஏன்?' என்று ஒரு சிறிய கட்டம் வையுங்கள். 'பிரதேச செயலகம் போதல்' என்று மட்டும் எழுதினால் அது நாளைக்குத் தள்ளிப்போகும். பக்கத்தில் 'மகள் பேரில் காணி வரவேண்டும்' என்று எழுதியிருந்தால் தள்ளக் கை கூசும். கூலியைக் கண்முன் காட்டினால் தடுமாற்றம் குறைகிறது என்று ஆய்வு சொன்னது இதைத்தான். நமது வழக்கில் இதற்கு நிய்யத் என்று ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது. செயலின் தொடக்கத்தில் நோக்கத்தை வைக்கப் பழகிய சமூகத்துக்கு இந்தக் கட்டம் அந்நியமாக இராது.

செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேர்லினில் 2010இல் வுண்டர்லிஸ்ட் என்ற அழகான வேலைப்பட்டியல் செயலி வெளிவந்தது. இலட்சக்கணக்கானவர்கள் பாவித்தார்கள். 2015இல் மைக்ரோசொஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. பட்டியல்களை மைக்ரோசொஃப்டின் சொந்தச் செயலிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஆட்களின் நாளாந்த வாழ்க்கை ஒரு கம்பனியின் தீர்மானத்தில் தொங்கியது. நீங்கள் செய்வது நாளை நின்றுபோகலாம். ஆகவே பட்டியலைப் பாவிப்பவர் ஒரு தட்டில் தன் கையில் எடுத்துக்கொள்ளும் வழியை முதல் நாளே வையுங்கள். ரீலோட் முடிந்த போனிலும் அது வேலைசெய்யட்டும். ஒருவர் எங்கே போகிறார், யாருக்குக் கடன், எந்த மருந்து எடுக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். அது அமானத். விளம்பரக்காரனுக்கு விற்கும் சரக்கு இல்லை.

இரண்டு மறுப்புகள் வரும், எனக்குத் தெரியும். பெரியவர்கள் சிலர், "ஐந்து நேரம் தொழுகிறவனுக்கு நேரம் சொல்ல மெசின் எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி. வக்து நாளைப் பிரித்துத் தருகிறது. அந்த இடைவெளிகளில் நாம் எதைப் போடுகிறோம் என்பது நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. லுஹருக்கும் அஸருக்கும் இடையில் போன் திரையை மேலே தள்ளிக்கொண்டு இருந்தவனும் இரண்டு தொழுகையையும் நேரத்துக்குத் தொழுதிருக்கலாம். இடையில் போன நேரம் போனதுதான்.

இளைஞர்கள் சிலர், "சேர், போன்தான் பிரச்சினை, அதுக்குள்ளேயே மருந்தைத் தேடச் சொல்றீங்களா?" என்பார்கள். இதில் அதிக உண்மை இருக்கிறது. பட்டியலைப் பார்க்கத் திறந்த போன் அரை மணித்தியாலத்தை விழுங்கிவிட்டுத்தான் விடும். அதனால்தான் சொல்கிறேன், நல்ல செயலி என்பது நம்மைச் சீக்கிரம் வெளியே அனுப்பும் செயலி. ஒரு நாளில் இரண்டு தரம் மட்டும் திறந்தால் போதும் என்று இருக்கவேண்டும். எத்தனை நாள் தொடர்ந்து திறந்தாய் என்று நட்சத்திரம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் வேலையைத் தயவுசெய்து நமது பிள்ளைகள் செய்யவேண்டாம்.

அப் வர நாளாகும். அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வருகிற ஜும்ஆவுக்கு முன்னர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளை எடுங்கள். யாரும் கேட்காத, ஆனால் செய்யாவிட்டால் நம் பிள்ளைகள் கஷ்டப்படப்போகிற மூன்று வேலைகளை எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், உறுதி, பங்குப் பிரிவு, வாக்காளர் பதிவு, கண் பரிசோதனை, சீனிப் பரிசோதனை, கடன் கணக்கு, வஸிய்யத் என்று எது உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதோ அது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன், யார், எந்த நாள் என்று போடுங்கள். ஆவணங்களைப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவு ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். ஒரே இடத்தில் வைத்ததால் எல்லாம் போன ஊர் நாம்.

கணினி தெரிந்த பிள்ளைகளுக்கு: அந்தத் தாள்களை நமது ஊரில் ஒரு பத்து வீட்டில் அனுமதி கேட்டுப் பாருங்கள். உங்கள் செயலி எப்படி இருக்கவேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். பிறகு வெளியிடுங்கள், முதல் ஆளாக நான் என் போனில் போடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பட்டியலில் வருடக்கணக்காகத் தள்ளிப்போகும் வேலை எது, அதற்குத் தடை என்ன என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பெயர், காணி விபரம் போடவேண்டாம். எந்தத் தடை எத்தனை வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், விடயம் தெரிந்த நமது சட்டத்தரணிகளும் அரச ஊழியர்களும் அதற்கு ஒரு நாள் ஒதுக்கிக் கூடிப் பேசலாம்.

வஸ்ஸலாம்.